11 வருடமாகப் பையில் இருக்கும் புத்தகம்: தாய் சேய் கையேடு பற்றி

பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருக்கும் அதே உறையில் எங்கள் வீட்டில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று மகளுடையது, அவளுக்கு இப்போது 11 வயது. இன்னொன்று மகனுடையது, அவனுக்கு 7. மகளுடைய புத்தகத்தின் முதுகு இரண்டு முறை பிய்ந்து டேப் ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் பாட்டில் கசிந்து நடுப்பக்கங்களில் அலை அலையாக ஒரு கறை. ஆனால் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை.

கர்ப்பம் உறுதியானதும் முதல் பரிசோதனையில் கையில் கொடுக்கிறார்களே, அந்தத் தாய் சேய் கையேட்டைத்தான் சொல்கிறேன். ஊருக்கு ஊர் பெயரும் அட்டை நிறமும் மாறலாம், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கர்ப்ப காலப் பதிவுகள், பிரசவக் குறிப்பு, தடுப்பூசிப் பக்கம், வளர்ச்சி வரைபடங்கள், எந்த வயதில் என்ன செய்யும் என்ற பட்டியல், கடைசியில் பள்ளி வயதுக்கென்று கொஞ்சம் பக்கங்கள். ஜப்பானில் 1948-லேயே தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து இப்படி ஒரே கையேடு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் இந்த மாதிரிப் பதிவேடுகளைப் பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரையே வெளியிட்டது.

இப்போது இதை எழுதக் காரணம் என் சித்தி மகள். அவள் மூன்றாவது மாதத்தில் இருக்கிறாள். "அக்கா, செயலியிலேயே எல்லாம் இருக்கே, இதை வேற தூக்கிட்டு அலையணுமா?" என்று கேட்டாள். அலையத்தான் வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. இரண்டு குழந்தைகளை இந்தப் புத்தகத்தோடு வளர்த்தவள் என்ற முறையில் நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். மதிப்பெண் கேட்டால் 5-க்கு 4. அந்த ஒன்றை எங்கே குறைத்தேன் என்பதும் போகப் போக வரும்.

முதலில் கர்ப்பப் பகுதி. இதில் பெரிய குறை, புத்தகம் கைக்கு வரும் நேரம். எனக்கு ஒன்பதாவது வாரத்தில் கிடைத்தது. முதல் பக்கத்தில் போலிக் அமில மாத்திரை பற்றி நன்றாகவே எழுதியிருந்தது: தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஆரம்பித்து முதல் 12 வாரம் வரை. ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற அந்தக் குழல் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே அப்போதுதான் தெரிய வரும். ஒன்பதாவது வாரத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. நல்லவேளை, மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முறை, குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த மாதமே மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், புத்தகத்துக்காகக் காத்திருக்காமல் இந்த ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அதற்கடுத்த பக்கம் ஒரு பெரிய அட்டவணை. ஒவ்வொரு முறை போகும்போதும் தேதி, எத்தனையாவது வாரம், எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்று உயரம், குழந்தையின் இதயத் துடிப்பு. பார்க்கச் சலிப்பான கட்டங்கள். முதல் கர்ப்பத்தில் எனக்கு ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு நர்ஸ் தன் கையாலேயே, "கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, இடைவெளி விட வேண்டும்" என்று எழுதினார். அச்சில் அது எங்கேயும் இல்லை. நான் அதுவரை இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தேன். சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கடைசி மாதத்தில் 11.2 வந்தது. அந்த நர்ஸின் பச்சை மை எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் நன்றியாக இருக்கும்.

அந்தச் சலிப்பான அட்டவணை என் மகனின் உயிரைக் காப்பாற்றியது என்றுதான் நான் நம்புகிறேன். இரண்டாவது கர்ப்பத்தில் 33-வது வாரம். வெளியூரில் உறவினர் வீட்டில் இருந்தேன். காலையிலிருந்து தலைவலி, மதியத்துக்கு மேல் கண் முன்னால் மினுக் மினுக்கென்று வெளிச்சம். கையேட்டில் ஆபத்து அறிகுறிகள் என்று ஒரு பக்கம் உண்டு: விடாத தலைவலி, பார்வை மங்குவது அல்லது மின்னுவது, மேல் வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு முதல் இரண்டும் இருந்தன. போனோம்.

அந்த ஆஸ்பத்திரியில் என்னை யாருக்கும் தெரியாது. பிரஷர் பார்த்தார்கள், 142/92. டாக்டர் என்னிடம் கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்னால் கையேட்டை வாங்கிப் புரட்டினார். என் வரிசை இப்படி இருந்தது: 110/70, 112/70, 118/76, 132/86. கர்ப்பத்தில் 140/90 என்பதுதான் எல்லோரும் சொல்லும் எல்லை. போன முறை 132/86 வந்தபோது எல்லைக்குள்தான் இருக்கிறது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். இவர் அந்த நான்கு எண்களின் மேல் பேனாவை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். "உங்களுக்கு வழக்கமா 110 தானேம்மா. ஏறிக்கிட்டே வந்திருக்கு பாருங்க" என்றார். சிறுநீரில் புரதமும் இருந்தது. உடனே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. சரியாக 34 வாரத்தில் மகன் பிறந்தான், 2.2 கிலோ. அழுதான், தானாகவே மூச்சு விட்டான்.

கையில் அந்தப் புத்தகம் இல்லாமல் போயிருந்தால் 142 என்பது அவர்களுக்கு ஒரே ஒரு எண். அலைச்சலில், பயத்தில் ஏறியிருக்கும் என்று நினைத்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஐந்து எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்ததால்தான் விஷயம் புரிந்தது. இந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ஏறக்குறைய இதுதான். ஒருநாள் எடுத்த அளவு பெரிதாக எதையும் சொல்லாது. முன்னால் எடுத்த அளவுகளோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் பேசும். அப்படிச் சேர்த்து வைக்கிற இடம் இது.

பிரசவக் குறிப்புப் பக்கம் சிறியது, சரியாக இருக்கிறது. பிறந்த நேரம், எடை, நீளம், தலைச் சுற்றளவு, என்ன வகைப் பிரசவம், போட்ட ஊசிகள். ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கலாம்: பிறந்த முதல் சில நாட்களில் எடை குறையும், அது இயல்பு. மகள் 2.9 கிலோவில் பிறந்தாள், நான்காம் நாள் 2.7. நான் அழுதேன். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைவது வழக்கம், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும், ஏறாவிட்டால்தான் பார்க்க வேண்டும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவள் 12-ம் நாள் 2.9-க்குத் திரும்பி வந்தாள்.

அப்புறம் வளர்ச்சி வரைபடம். இந்தப் புத்தகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படுக்கை வாட்டில் மாதங்கள், செங்குத்தாகக் கிலோ. நடுவில் ஐந்து வளைகோடுகள், அவற்றின் ஓரத்தில் 3, 15, 50, 85, 97 என்று எழுதியிருக்கும். 15-ம் கோடு என்றால், ஆரோக்கியமான 100 குழந்தைகளை நிறுத்தினால் 15 பேர் அந்த எடைக்குக் கீழே இருப்பார்கள், 85 பேர் மேலே இருப்பார்கள். அவ்வளவுதான். 50-ம் கோடு தேர்ச்சி மதிப்பெண் இல்லை. என் மாமியாருக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தாலே குழந்தை நோஞ்சான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் உட்கார வைத்து, "அத்தை, நூறு பேர் வரிசையில நின்னா பாதிப் பேர் நடுவுக்குக் கீழதானே நிக்கணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவரே புள்ளி வைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதும் தெரிந்திருப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, 2006-ல் இந்த வரைபடங்களை வெளியிட்டது. தாய்ப்பால் குடித்து, புகை பிடிக்காத தாய்மாரிடம், நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகள். நாடு வேறாக இருந்தாலும் சின்ன வயதில் அவர்கள் வளர்ந்த விதம் வியக்கும் அளவுக்கு ஒன்றாக இருந்தது. "நம்ம பரம்பரையே சின்ன உடம்பு" என்று சொல்லி அமைதியாகிவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு நல்ல பதில்.

மகளின் பக்கத்தைத் திறந்தால் ஒரு இடத்தில் மூன்று புள்ளிகள் படுத்துக் கிடக்கும். ஆறாம் மாதம் 6.5 கிலோ, 15-ம் கோட்டை ஒட்டி. ஏழாம் மாதம் 6.6. எட்டிலும் 6.6. ஒன்பதிலும் 6.6. கோடுகள் மேலே ஏறிக்கொண்டே போகின்றன, அவள் புள்ளி மட்டும் நேராகப் போய் 3-ம் கோட்டில் முட்டி நிற்கிறது. குழந்தை சிரித்துக்கொண்டு, கை கால் ஆட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தாள். எடை குறையவில்லை என்பதால் வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. எனக்கும் எட்டாம் மாதம் வரை இல்லை. ஒன்பதாம் மாதப் புள்ளியை வைத்து மூன்றையும் பென்சிலால் சேர்த்தபோதுதான் கை நின்றது.

குழந்தை மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஊட்டும்போது கரண்டியைச் சாய்ச்சா உணவு வழியுதா, நிக்குதா?" வழிந்தது. தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் நான் எல்லாவற்றையும் தண்ணீர் மாதிரிக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். குழந்தையின் வயிறு எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். 6.6 கிலோ என்றால் சுமார் 200 மில்லி. அந்த 200 மில்லியில் பெரும்பகுதி தண்ணீராக இருந்தால் வயிறு நிறைந்துவிடும், வளர எதுவும் கிடைக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது, முக்கியமாக இரும்புச்சத்து போதாது. கரண்டியில் நிற்கும் பதத்தில், கொஞ்சம் கொழுப்பும் புரதமும் சேர்த்து, ஒன்பது மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, கூடவே தாய்ப்பால் என்று சொல்லி அனுப்பினார். பத்தாம் மாதம் 7.1. ஒரு வயதில் 7.8, திரும்ப 15-ம் கோட்டுப் பக்கம்.

அந்தப் பதம் பற்றி என் கையேட்டில் ஒரு வரி இருந்தது என்பதைப் பிறகுதான் பார்த்தேன். "கெட்டியாகக் கொடுக்கவும்" என்று. எவ்வளவு கெட்டி என்று இல்லை. கரண்டியைச் சாய்த்துப் பார்க்கும் ஒரு சின்னப் படம் போட்டிருந்தால் மூன்று மாதம் வீணாகியிருக்காது.

மகன் விஷயத்தில் புத்தகம் எங்களைத் தடுமாறவும் வைத்தது. அவன் ஆறு வாரம் முன்னதாகவே பிறந்தவன். மூன்று மாதத்தில் 4.4 கிலோ. வழக்கமாகப் போகும் இடத்தில் மூன்று மாதக் கோட்டின் மேல் புள்ளி வைத்தார்கள், அது 3-ம் கோட்டுக்கும் வெகு கீழே விழுந்தது. பால் போதவில்லை, புட்டிப்பால் சேர்க்க வேண்டும் என்றார்கள். நான் இரண்டு நாள் உடைந்துபோயிருந்தேன். பிறகு பார்த்த இன்னொரு மருத்துவர் அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, இடது பக்கம் தள்ளி ஒன்றரை மாதத்தில் புதிய புள்ளி வைத்தார். குறைமாதக் குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும், இரண்டு வயது வரைக்கும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார். புதிய புள்ளி 15-ம் கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதே குழந்தை, அதே எடை. புட்டி தேவைப்படவில்லை.

இந்தக் கழித்தல் கணக்கு கையேட்டில் ஒரு இடத்தில்கூட இல்லை. நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான். குறைமாதக் குழந்தை பெற்றவர்கள் வரைபடத்தின் மேலே இப்போதே பெரிதாக எழுதிவையுங்கள்: இத்தனை வாரம் கழிக்கவும் என்று. அளப்பவர் மாறிக்கொண்டே இருப்பார்கள், எழுத்து மாறாது.

உயரத்தைப் பற்றியும் ஒன்று. இரண்டு வயது வரை படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்குப் பிறகு நிற்க வைத்து. அதே குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் நிற்பதைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூட வரும். இரண்டாவது பிறந்தநாளை ஒட்டி உயரம் குறைந்துவிட்டது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, ஒருவர் முழங்காலை நீட்டிப் பாதத்தைச் சேர்க்க. ஒருவரே அளந்த எண்ணை நான் எழுதவே விடுவதில்லை. மென்மையாகத்தான் சொல்வேன், "நான் தலையைப் பிடிச்சுக்கறேன், நீங்க கால் பக்கம் பாருங்க" என்று. யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

எந்த வயதில் என்ன செய்யும் என்ற பக்கத்தைத் திருத்தி அச்சிட வேண்டும். "12 மாதம்: நடக்கும்" என்று ஒரே வயதைப் போட்டிருக்கிறார்கள். மகன் 16 மாதத்தில்தான் நடந்தான். நான்கு மாதம் அந்த ஒரு வரியால் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆய்வில் தனியாக நடப்பதற்கு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை என்று ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. பிடிக்காமல் உட்கார 3.8 முதல் 9.2 மாதம் வரை. தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகளும் அந்த ஆய்வில் உண்டு. என் மகளும் தவழவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வீடு முழுக்கச் சுற்றினாள். ஒரே வயதைப் போடுவதற்குப் பதிலாக ஒரு பட்டை வரைந்தால் போதும். அந்தப் பட்டையைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கலாம், அதற்குள் இருந்தால் காத்திருக்கலாம். ஒன்று மட்டும், குழந்தை ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது. அது இந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதற்குப் பாராட்டு.

தடுப்பூசிப் பக்கம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வேலையைச் செய்கிறது. தேதி, அடுத்த தேதி, மருந்தின் தொகுதி எண், கையெழுத்து. பள்ளியில் சேர்க்கும்போது கேட்டார்கள், காட்டினேன். மகளுக்கு எட்டு வயதில் துருப்பிடித்த கம்பி காலைக் கிழித்தபோது, கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது என்று கேட்டார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு என் பெயரே மறந்திருந்தது, பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

இன்னொரு பாதி மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன் என்றால், பிரசவத்துக்குப் பிறகு அம்மா இந்தப் புத்தகத்திலிருந்து காணாமல் போய்விடுகிறாள். அதுவரை என் எடை, என் ரத்தம், என் பிரஷர் என்று பக்கம் பக்கமாக இருந்தது. குழந்தை பிறந்ததும் "தாய் நலம்" என்று ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு டிக். மகள் பிறந்து இரண்டு மாதம் ஆன சமயம் நான் நன்றாக இல்லை. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது, காரணமில்லாமல் அழுகை, குழந்தையைத் தூக்கவே பயம். அந்தக் கட்டத்தில் டிக் போட்டுத்தான் இருக்கிறது. குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வுதான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அம்மாவுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 1987-லிருந்து 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நிரப்பச் சில நிமிடம் போதும். அதை இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கமாகச் சேர்க்க முடியாதா? என் கணவர்தான் ஒரு மாதம் கழித்துக் கவனித்துக் கூட்டிப்போனார். சித்தி மகளுக்கு அந்தக் கேள்விகளை அச்செடுத்து அவளுடைய கையேட்டில் நானே ஒட்டிக் கொடுக்கப்போகிறேன்.

பள்ளி வயதுப் பகுதிக்கு வந்தால் புத்தகம் மெலிந்துவிடுகிறது. ஐந்து வயதுக்கு மேல் 19 வரைக்குமான வரைபடம் ஒன்று, இது 2007-ல் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்க இன்னொன்று. அப்புறம் பல், கண், காது என்று மூன்று கட்டங்கள். கட்டங்கள் சிறியவை என்றாலும் எனக்குப் பெரிய உதவி செய்தவை.

பல் கட்டத்தின் கீழே ஒரு குறிப்பு: ஆறு வயதை ஒட்டிப் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமலேயே அது முளைப்பதால் பால் பல் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படித்த அன்றே டார்ச் அடித்துப் பார்த்தேன், மகளுக்கு இரண்டு முளைத்திருந்தன, குழிகளில் அழுக்கு. அன்றிலிருந்து இரவில் அந்தப் பற்களை மட்டும் நான்தான் தேய்த்துவிட்டேன்.

கண் கட்டம் காலியாக இருந்தது. மகனுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்க்கப் புத்தகத்தைப் புரட்டும்போது அந்த வெள்ளைக் கட்டம் கண்ணில் பட்டது. குறை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டத்தை நிரப்பிவிடலாம் என்றுதான் போனோம். வலது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னபோது அவன் பேசாமல் நின்றான். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, மூடிய அட்டையின் ஓரத்தால் எட்டிப் பார்க்க முயன்றான். இடது கண் மிகவும் மங்கல். அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும் என்று அவன் நினைத்திருக்கிறான். ஒரு கண் மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே விட்டுவிடும். ஏழு வயதுக்கு முன்னால் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும், தள்ளிப்போகப் போகக் கடினம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணின் மேல் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டுத்துணி ஒட்டினோம். முதல் வாரம் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவனுக்குப் பிடித்த புதிர்ப் படங்களை மட்டும் எடுத்துக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டான். ஒன்றரை வருடத்தில் அந்தக் கண்ணால் கீழ் வரிசை எழுத்துக்கு முந்திய வரிசை வரைக்கும் படிக்கிறான்.

செயலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சித்தி மகள் கேட்டதே அதுதானே. மகன் பிறந்தபோது ஒன்றை எட்டு மாதம் பயன்படுத்தினேன். தடுப்பூசி நாளை நினைவூட்டியது, அது வசதி. ஆனால் எந்த நர்ஸும் என் தொலைபேசியை வாங்கி எழுத மாட்டார், எழுதவும் கூடாது. நான்தான் வீட்டுக்கு வந்து ஏற்ற வேண்டும், நான்கில் ஒன்று விட்டுப்போகும். தொலைபேசி பழுதானபோது எட்டு மாதமும் போனது. இப்போது புத்தகத்தில் எழுதிய கையோடு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுகிறேன். புத்தகம் தொலைந்தாலும் எண்கள் இருக்கும்.

வாங்கிய அன்றே தடித்த பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள், தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தால், எழுதச் சொல்லிக் கேளுங்கள். கூட்டமான நாட்களில் அவர்களுக்கு நேரம் இருக்காது, அப்போது எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து நீங்களே எழுதிவிடலாம். மகளின் புத்தகத்தில் பாதிக்கு மேல் என் கையெழுத்துதான்.

போன மாதம் மகள் தன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். படுத்துக் கிடக்கும் அந்த மூன்று புள்ளிகளில் விரலை வைத்து, "இங்க என்ன ஆச்சும்மா?" என்று கேட்டாள். கரண்டிக் கதையைச் சொன்னேன். பிறகு இருவரும் சுவரில் அவளை நிறுத்தி அளந்து, 19 வரை போகும் பெரிய வரைபடத்தில் புள்ளி வைத்தோம். ஒரு வருடத்தில் 7 செ.மீ. ஏறியிருக்கிறாள். பெண் குழந்தைகளுக்கு இந்த வயதில்தான் சடசடவென்று உயரம் கூடும் என்று சொன்னேன். கடைசிப் பக்கத்துத் தடுப்பூசி அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருப்பதையும் அவளேதான் காட்டினாள். கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் எச்பிவி ஊசி, 9 முதல் 14 வயதுக்குள் போடுவது. ஊசி வலிக்குமா என்று கேட்டாள், கொஞ்சம் வலிக்கும் என்றேன். வியாழக்கிழமை அவளுக்குப் பள்ளி விடுமுறை, அன்றைக்குப் போகிறோம்.